இளைய மாப்பிள்ளையும் ஐந்து மைக்ரானும்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மாப்பிள்ளை மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் பெரிய மகள், உங்கள் பேத்தி மூவரும் நலம். எங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் உங்கள் சின்ன மகளும் நலம். இளைய மாப்பிள்ளை எங்கள் நால்வரையும்விட நலம். அவருடைய நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் உடல்நிலை, அத்தையின் முழங்கால் வலி முதலியவற்றைக் கடைசியில் விசாரிக்கிறேன். முதலிலேயே விசாரித்தால் என் கோபம் ஆறிவிடும்.

தாங்கள் போன வாரம் எழுதிய கடிதம் கிடைத்தது. கல்லூரியில் இளைய மாப்பிள்ளை ஆற்றிய உரையைப் பற்றிப் பதினொரு வரி எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பற்றி ஒரே வரி. "மூத்தவருக்கும் என் ஆசிகள்." மாமா, "மூத்தவருக்கு" என்று எழுதியிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேன். "மூத்தவருக்கும்." அந்த 'உம்'மில்தான் நான் பதினாறு வருஷமாகக் குடியிருக்கிறேன். "சபையில் தன்னை மடக்கிப் பேசியவரையே கட்டிப்பிடித்துப் பாராட்டினாராமே, எவ்வளவு பெரிய மனசு!" என்றும் வியந்திருக்கிறீர்கள். அந்தக் கட்டிப்பிடியால் என்ன ஆயிற்று என்பது உங்கள் சின்ன மகளின் கடிதத்தில் இருந்திருக்காது. நீங்கள் நாற்பது வருஷம் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு துணி வெட்டியவர். அரை விரற்கடை பிசகினால் ஒரு சட்டை என்ன பாடுபடும் என்று தெரிந்தவர். அதனால் என் கட்சியை நீங்களாவது கேட்க வேண்டும்.

அவர்கள் குடியிருந்த வீட்டின் கூரை ஒழுகுகிறது, மூன்று வாரத்தில் சரிசெய்துவிடுவார்கள், அதுவரை உங்கள் வீட்டில் இருக்கிறோம் என்று வந்தார்கள். இது எட்டாவது வாரம். வந்த அன்றைக்கே ஜன்னலோரம் நான் உட்காரும் நாற்காலியில் அவர் உட்கார்ந்துவிட்டார். சரி, விருந்தாளி. மறுநாள் செய்தித்தாளை முதலில் அவர் பிரித்தார். சரி, படித்தவர். மூன்றாம் நாள் உங்கள் பெரிய மகள் பழம் நறுக்கி இரண்டு தட்டில் வைத்தாள். அவர் தட்டில் ஒரு துண்டு கூட இருந்தது. நான் எண்ணினேன். எண்ணுவதை அவள் பார்த்துவிட்டாள். "என்னங்க, சின்னப் பிள்ளையா நீங்க?" என்றாள். ஒரு துண்டு ஒன்றுமில்லைதான். நாற்காலியும் ஒன்றுமில்லை, செய்தித்தாளும் ஒன்றுமில்லை. ஆனால் மாமா, எட்டு வாரம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாது என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன், அதனால் சொல்கிறேன். பேரிங்குக்குள் உருளும் எஃகுக் குண்டுகளை அளந்து 'சரி', 'இன்னும் தேய்' என்று சொல்வது என் வேலை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுதான் மைக்ரான். அந்த ஒரு கூற்றை நான் பார்ப்பேன். என் அறையில் வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் ஒரே குளிர். குண்டை வெறுங்கையால் தொட மாட்டேன், உள்ளங்கைச் சூட்டிலேயே அது இரண்டு மைக்ரான் பெருத்துவிடும். பட்டறையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மைக்ரான் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். என் கீழே இருப்பவர்களும் அப்படித்தான், மேலே இருப்பவர்களும் அப்படித்தான்.

உங்கள் பேத்திக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. இருந்தது என்று எழுதுகிறேன். பதிமூன்று வயது ஆகிறது, ஐந்து வயதிலிருந்தே எதையாவது கொண்டுவந்து, "அப்பா, இது எவ்வளவு?" என்று நீட்டுவாள். உதிர்ந்த இலை, பூனையின் மீசை, பென்சில் சீவல். பட்டறையிலும் நான் வைத்து அளக்கும் என் சொந்த மைக்ரோமீட்டரை எடுத்து அளந்து சொல்வேன், அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள். அவர்கள் வந்த இரண்டாம் வாரம், சாப்பாட்டு மேஜையில் வெங்காயத்தின் உள்தோலை நீட்டினாள். "நாற்பத்திரண்டு மைக்ரான்," என்றேன். இளைய மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அண்ணா, அந்தக் கருவி பார்க்கிற ரொம்பச் சின்ன அளவு எது?" என்று கேட்டார்.

"ஒரு மைக்ரான்."

"அதுல பாதி இருக்குமில்ல?"

"இருக்கும். அதுக்கு வேற கருவி வேணும்."

"அந்தப் பாதியில பாதி?"

"இருக்கும்."

"சரி, நீங்க எந்த எண்ணைச் சொன்னாலும் அதைவிடச் சின்னதா ஒன்னு. ஆனா பூஜ்யம் கிடையாது. அப்படி ஒன்னு இருந்தா?"

"எங்க இருக்கு?" என்றேன்.

"எங்கயும் இல்லண்ணா. ஆனா கிரகம் சுத்துறதுலேர்ந்து டீ ஆறுற வரைக்கும் கணக்குப் போட அதுதான் வேலை செய்யுது. நுண்ணளவுன்னு சொல்லுவோம். செல்லமா டி-எக்ஸ்."

மாமா, உங்கள் பேத்தியின் கண்ணை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெங்காயத் தோலை மேஜையிலேயே விட்டுவிட்டு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சித்தப்பா, அதைப் பார்க்கவே முடியாதா?" "முடியாதும்மா." "அப்ப அப்பாவாலயும் முடியாதா?" "அப்பாவாலயும் முடியாது." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு துளி கர்வம் இருந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். இல்லை, குழந்தை மாதிரி சிரித்தார். அன்றிலிருந்து அவள் எனக்கு எதையும் அளக்கக் கொண்டுவரவில்லை. அந்தத் தோல் மறுநாள் சுருங்கிவிட்டது, நான்தான் எடுத்துக் குப்பையில் போட்டேன். இந்த மனிதரைக் கொள்ளைக்காரர் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? இல்லாத ஒரு பொருளைக் காட்டி இருக்கிற ஒரு மகளைக் கொண்டுபோய்விட்டார்.

இந்த நிலைமையில்தான் அந்தக் கல்லூரி உரை வந்தது. பொதுமக்களுக்காம். நுழைவாயிலில் அவர் படம் போட்ட தட்டி. வீட்டிலிருந்து எல்லாரும் கிளம்பினார்கள், உங்கள் பெரிய மகள் புதுப்புடவை கட்டிக்கொண்டாள். பதினாறு வருஷத்தில் என் பட்டறை வாசலுக்குக்கூட அவள் வந்ததில்லை, அது வேறு விஷயம். நானும் போனேன். கையோடு இருக்கட்டும் என்று மைக்ரோமீட்டரையும் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டாள். "சும்மா," என்றேன். மாமா, உங்களிடம் மறைப்பானேன், சும்மா இல்லை.

அவர் கரும்பலகையில் ஒரு சதுரம் போட்டார். அதன் பக்கத்தை நுண்ணளவு கொஞ்சம் நீட்டினார். சதுரத்தின் இரண்டு ஓரத்திலும் இரண்டு மெல்லிய பட்டைகள் வந்தன, மூலையில் ஒரு குட்டிச் சதுரம் வந்தது. "பட்டைகளை வச்சுக்குவோம். மூலையில இருக்கிற குட்டியை விட்டுடலாம், அது ஒன்னுமே இல்லை," என்று சொல்லி, டஸ்டரால் துடைத்துவிட்டார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன். சத்தியமாக எழ வேண்டும் என்று நினைத்து எழவில்லை, கால்தான் எழுந்தது.

"ஏன் விடணும்?" என்றேன்.

சபை திரும்பிப் பார்த்தது. உங்கள் பெரிய மகள் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"கொஞ்ச நேரம் முன்னாடி அதால வகுத்தீங்க. பூஜ்யத்தால வகுக்கக் கூடாது, இது பூஜ்யமில்ல, அதனால வகுக்கலாம்னு நீங்களே சொன்னீங்க. வேலை முடிஞ்சதும் அது ஒன்னுமில்லன்னு துடைச்சுட்டீங்க. அது இருக்கா, இல்லையா? எங்க பட்டறையில ஒருத்தர் இருக்காரு. டீ வர்றப்ப ஆளா இருப்பாரு, பளு தூக்கணும்னா ஆள் இருக்க மாட்டாரு. அவருக்கும் உங்க டி-எக்ஸுக்கும் என்ன வித்தியாசம்?"

சபை வெடித்துச் சிரித்தது. கைதட்டினார்கள் மாமா, எனக்கு. வாழ்க்கையில் முதல்முறை. அந்தக் கைதட்டலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே மேடை ஏறிவிட்டேன். மைக்ரோமீட்டரை எடுத்துக் காட்டி, "நான் கண்ணால பார்க்கிறதைத்தான் நம்புவேன். உங்க தலைமுடி ஒன்னு கொடுங்க," என்றேன். அவருக்கு இருப்பதே கொஞ்சம்தான், இருந்தும் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தார். பிடுங்கி அளந்தேன். "அறுபத்தெட்டு மைக்ரான்!" என்று கத்தினேன். மறுபடியும் கைதட்டல். அத்தோடு இறங்கி வந்திருந்தால் இன்றைக்கு நீங்கள் எழுதிய பதினொரு வரியும் எனக்கு வந்திருக்கும்.

இளைய மாப்பிள்ளை என்ன செய்தார்? கண் கலங்கிவிட்டார். "பெரிய பெரிய மேதைங்க இருநூறு வருஷம் சண்டை போட்ட கேள்வி இது. என் சகலை ஒரே நிமிஷத்துல கேட்டுட்டாரு!" என்று சபையிடம் சொன்னார். பிறகு வந்தவர்கள் அந்த நுண்ணளவைத் தொடாமலேயே எல்லைக் கணக்கு என்று வேறு வழி கண்டுபிடித்தார்களாம். சென்ற நூற்றாண்டில் வேறு ஒருவர் வந்து அந்த நுண்ணளவையே விதிமுறைப்படி எண்களின் வரிசையில் உட்கார வைத்துவிட்டாராம். ஆக, என் கேள்வியும் சரி, அவர் விடையும் சரி. இப்படி ஒரு தீர்ப்பை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? சொல்லிவிட்டு ஓடிவந்து என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். அந்த இறுக்கத்தில் என் கையிலிருந்த மைக்ரோமீட்டர் நழுவி, மேடையிலிருந்து கீழே கருங்கல் தரையில் விழுந்தது.

"ணங்" என்று ஒரு சத்தம். என் நெஞ்சுக்குள் விழுந்த மாதிரி இருந்தது. ஓடிப்போய் எடுத்துத் துடைத்தேன். "ஐயையோ, அண்ணா, உடைஞ்சிருச்சா?" என்று பதறினார். "ஒன்னும் ஆகல," என்று சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேச்சு அவருடைய பெருந்தன்மையைப் பற்றித்தான். என் கேள்வியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் பேத்தி மட்டும், "அப்பா, நல்ல கேள்விப்பா," என்றாள். சந்தோஷப்பட்டேன். "சித்தப்பாவே சொன்னாரு," என்று முடித்தாள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மறுநாள் எங்களுக்கு அவசர வேலை. துறைமுகத்தில் பாரம் தூக்கும் கிரேன் ஒன்றின் அடியில் பொருத்தும் பெரிய வளையத்துக்கு முந்நூறு குண்டுகள். ஒவ்வொன்றும் இருபது மில்லிமீட்டர். அதில் ஐந்து மைக்ரான் கூடலாம், குறையலாம். அளக்கத் தொடங்குவதற்கு முன்னால் கருவியை மூடிப் பார்க்க வேண்டும், கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று. இருபத்தாறு வருஷமாக ஒருநாள்கூட நான் பார்க்காமல் இருந்ததில்லை. அன்றைக்குப் பார்க்கவில்லை. பார்த்தால், விழுந்ததில் ஏதோ ஆகியிருக்கலாம் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒன்றும் ஆகவில்லை என்று சபையில் சொன்னவன் நான். முந்நூறு குண்டையும் தேய்க்கச் சொல்லி, அளந்து, 'சரி', 'சரி' என்று ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

நாலாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். துறைமுகத்திலிருந்து தலைமை ஃபிட்டர் வந்து உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் ஒரே ஒரு குண்டு. "இருநூத்தித் தொண்ணூத்தொம்பது குண்டு உள்ள போயிருச்சு. இது போகல. அரை மில்லிமீட்டர் இடம் பத்தலை. கிரேன் அப்படியே நிக்குது, கப்பல் காத்துக்கிட்டிருக்கு," என்றார். அந்தக் குண்டை அங்கேயே அவர்களுடைய கருவியில் அளந்தார்கள். அனுமதிக்குள்தான் இருந்தது. இன்னும் நாலு குண்டு கொண்டுவந்திருந்தார், அவையும் அனுமதிக்குள். மேலாளர் என்னைப் பார்த்தார். "மைக்ரான் அண்ணன், ஒவ்வொன்னும் சரின்னா எல்லாம் சேர்ந்தா மட்டும் எப்படித் தப்பாகும்? நாளைக்குள்ள சொல்லுங்க. இல்லைன்னா தேய்க்கிற பிரிவு ஆளைத்தான் நான் கேட்கணும்." தேய்க்கிற பிரிவில் இருப்பவர் எதிர்த்துப் பேசாத சாது. நான் 'நிறுத்து' என்றால் நிறுத்துவார், 'தேய்' என்றால் தேய்ப்பார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன், நாற்காலியில்கூட இல்லை, கட்டிலில். உங்கள் பேத்தி என்னிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போய்ச் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குப் பிடிக்காத நேரத்தில் பக்கத்தில் வந்து உட்காருவதில் அவருக்கு நிகர் அவர்தான்.

"அண்ணா, குண்டுங்க கூடவும் குறையவும் இருக்கலாம்னா, பாதி கூட இருக்கும், பாதி குறைய இருக்கும். ஒன்னுக்கொன்னு சரியாப் போயிடும், இல்லையா?"

"ஆமா. அதுக்கும் மேல ஒரு மில்லிமீட்டர் தாராளமா இடம் விட்டுத்தான் வளையம் செய்வாங்க."

"அந்த ஒன்னும் போய் இன்னும் அரை பத்தலைன்னா, மொத்தம் ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருக்கு. முந்நூறால வகுத்தா..." விரலால் காற்றில் எழுதினார். "ஒரு குண்டுக்கு அஞ்சு மைக்ரான். எல்லாமே ஒரே பக்கம், ஒரே அளவு. எப்படிண்ணா? முந்நூறு குண்டும் பேசி வச்சுக்கிட்டா பொய் சொல்லும்? பொய் சொன்னது ஒரே ஒரு ஆளா இருந்தா?"

"யாரைச் சொல்றீங்க?"

"ஆளைச் சொல்லலண்ணா. கருவியை."

"என் மைக்ரோமீட்டரையா சொல்றீங்க?" என்று கத்தினேன். உங்கள் இரண்டு மகள்களும் சமையலறையிலிருந்து ஓடிவந்தார்கள். "எழுந்து போங்கய்யா! எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூடத் தெரியாத ஆளு என் கருவியைப் பத்திப் பேசறதா?" என்றேன். அவர் எழுந்து போனார். ஆனால் மாமா, அவர் எழுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த "ணங்" சத்தம் எனக்குள் இன்னும் அடங்கவில்லை.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் பட்டறைக்குப் போனேன். என் அறையில் விளக்கைப் போட்டு, கருவியை மெதுவாக மூடினேன். பூஜ்யத்தில் நிற்க வேண்டிய கோடு ஐந்து மைக்ரான் கீழே நின்றது. அசலாக இருபதுக்கு மேல் ஐந்து மைக்ரான் இருந்த குண்டைக் கச்சிதமாக இருபது என்று அது எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதைச் சரியாக்க ஒரு சின்னச் சாவி போதும், ஒரு நிமிஷ வேலை. திருகி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. தேய்க்கிற பிரிவு சாதுவைக் கேட்பார்கள், அவர் ஒன்றும் சொல்லமாட்டார். சாவியைக் கையில்கூட எடுத்துவிட்டேன். இதை உங்களுக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

அப்போது வெளியே மேலாளர் அறையில் பேச்சுக்குரல் கேட்டது. பழகிய குரல். எட்டிப் பார்த்தால், இளைய மாப்பிள்ளை! கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைச் சட்டையில், எண்ணெய்ப் பிசுக்குத் தரையில் ஒற்றைக்காலில் நிற்கிற கொக்கு மாதிரி நின்றுகொண்டு, "ஐயா, தப்பு என்னோடது. அண்ணன் கருவியைக் கீழ போட்டது நான். நான் கட்டிப்பிடிச்சதாலதான் விழுந்துச்சு. என்ன தண்டனைன்னாலும் எனக்குக் கொடுங்க," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மேலாளருக்கு இவர் யார் என்றே தெரியவில்லை. "உங்களுக்கு நான் எப்படிங்க தண்டனை கொடுக்கிறது? நீங்க இங்க வேலையே பார்க்கலையே," என்று விழித்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத வார்த்தை இல்லை. நாற்காலியை எடுத்துக்கொண்டார், விட்டேன். மகளை எடுத்துக்கொண்டார், பொறுத்தேன். மாமனாரின் பதினொரு வரியை எடுத்துக்கொண்டார். இப்போது என் தப்பையும் எடுத்துக்கொள்ள வந்துவிட்டார்! இருபத்தாறு வருஷத்தில் நான் செய்த ஒரே தப்பு, அதையும் இவரே வைத்துக்கொண்டால் எனக்கென்று என்னதான் மிச்சம்? சாவியை அங்கேயே எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தேன்.

"அது என் தப்பு!" என்றேன். "கருவி விழறது யார் கையிலயும் நடக்கும். விழுந்த பிறகு மூடிப் பார்க்காதது நான். அது என் வேலை. இவருக்கு இதுல சம்பந்தமே இல்ல!"

"இல்லண்ணா, நான் கட்டிப்பிடிக்கலைன்னா..."

"நீங்க சும்மா இருங்க! உங்களுக்கு மூடிப் பார்க்கத் தெரியுமா? தெரியாதில்ல? அப்ப எப்படி உங்க தப்பாகும்?"

"பாதியாவது என்னோடதுண்ணா."

"அரை மைக்ரான்கூடத் தர மாட்டேன்!"

மேலாளர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். தலைமை ஃபிட்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். கடைசியில் தப்பு எனக்கே என்று முடிவானது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் பெயரில் வந்தது. பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் தெளிவாக, 'உம்' எதுவும் இல்லாமல். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

முந்நூறு குண்டும் திரும்பி வந்து, புதுக் கருவியில் அளந்து, தேய்க்கிற பிரிவு சாது மூன்று நாள் தேய்த்துக் கொடுத்தார். பொருத்தும்போது நானும் துறைமுகத்துக்குப் போனேன். கடைசிக் குண்டு தண்ணீரில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அந்தப் பெரிய வளையத்தை ஃபிட்டர் ஒரே விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் சுற்றியது. என் வாழ்க்கையில் நான் அளந்த எதையும் அப்படிச் சுற்றிப் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஃபிட்டர் கேட்கிறார்: "அந்தக் கணக்கு வாத்தியார் வரலியா? தங்கமான மனுஷன்!" மேலாளர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். சனிக்கிழமை தோறும் பட்டறை ஆட்களுக்கு அவர் பாடம் எடுக்க வேண்டுமாம். பாடத்தின் தலைப்பு, 'சிறு பிழைகளைக் கூட்டுவது எப்படி?' முதல் வரிசையில் நான் உட்கார வேண்டுமாம்.

இத்தனையும் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். இனிமேலும் ஒரே கூரையின் கீழ் எங்களால் இருக்க முடியுமா? அவர்கள் வீட்டுக் கூரை சரியாகும்வரை உங்கள் சின்ன மகளையும் மாப்பிள்ளையையும் உங்கள் வீட்டுக்கு வரவழைத்துக்கொள்ளுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கல்லூரிக்கு அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான். போகும்போது நுண்ணளவுகளை நினைத்துக்கொண்டு போகட்டும்.

கடைசியில் விசாரிப்பதாகச் சொன்னேன் அல்லவா? அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் பார்வை எப்படி இருக்கிறது? மாடிப்படியில் பார்த்து இறங்குங்கள். பெரியவர்கள் நீங்கள் இருவரும் நீண்ட காலம் சுகமாக இருந்து எங்களையெல்லாம் ஆசீர்வதிக்க வேண்டும். எல்லாரையும் சமமாக.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் அடக்கமும் உள்ள
மூத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: கையெழுத்து என்னுடையது இல்லை என்று முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். துறைமுகத்தில் குண்டுத் தட்டைத் தூக்கும்போது வலது மணிக்கட்டு பிசகி, கட்டுப் போட்டிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல எழுத ஆள் வேண்டியிருந்தது. உங்கள் பெரிய மகள், "என் தங்கச்சி வீட்டுக்காரரைத் திட்டற கடுதாசியை நான் எழுத மாட்டேன்," என்று எழுந்து போய்விட்டாள். உங்கள் பேத்தி இரண்டு வரி எழுதிவிட்டுச் சிரிப்புத் தாங்காமல் ஓடிவிட்டாள். வீட்டில் மிச்சம் இருந்தவர் ஒருவர்தான். அவர் எழுதிய கடிதம்தான் இது. ஒரு வார்த்தை விடாமல், ஒரு திட்டைக்கூடக் குறைக்காமல் எழுதினார். 'கொள்ளைக்காரர்' என்ற இடத்தில் மட்டும் பேனாவை நிறுத்தி, "அண்ணா, 'ள்'ளா 'ல்'லா?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஆகவே மேலே கேட்டுக்கொண்டதை ரத்து செய்யவும். அவர்களை அங்கே கூப்பிட வேண்டாம். இந்த வீட்டில் என் கட்சியை முழுசாகக் கேட்டது அவர் ஒருவர்தான்.

மாமாவுக்கு, இளையவன் வணக்கம். இந்த வரிகளை அண்ணன் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன். அத்தை நேற்றுப் போனில் பேசினார்கள். அடுத்த மாதம் உங்கள் கண்ணில் ஆபரேஷன் என்றும், துணைக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டதற்கு, "மூத்தவர் வந்தால்தான் படுப்பேன், வேறு யாரும் வேண்டாம்," என்று நீங்கள் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்கள். இதை நேற்றே அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என்னைப் பக்கம் பக்கமாகப் புகழ்கிறீர்கள் மாமா. ஒரு தடவையாவது என்னைக் கூட வரச் சொன்னதில்லை.

மாமா, மூத்தவன்தான், இது என் இடது கை. கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். கண்ணுக்கு நான் வருகிறேன். உங்கள் கையை நான்தான் பிடித்துக்கொள்வேன், அதில் மாற்றமில்லை. அவர் வேண்டுமானால் பையைத் தூக்கிக்கொண்டு வரட்டும்.